டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் வாஷ்: வாட்டர்கலர் தொடங்குபவர்களுக்கு

வாட்டர்கலர் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், பூவோ மலையோ வரையச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். டீச்சர் ஒரே ஒரு நீலத்தைக் கையில் கொடுத்து, "மேலே அடர்த்தியா ஆரம்பிச்சு, கீழே வரும்போது வெறும் தாளா முடியணும்" என்றார். இப்படி நிறத்தைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் சீராகப் பரப்புவதைத்தான் வாஷ் என்பார்கள். மூன்று வாரம் அதை மட்டும்தான் செய்தோம். இன்றைக்கு என் படங்களில் வானம் வானமாகத் தெரிகிறதென்றால், அந்த மூன்று வாரம்தான் காரணம். அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தேவையானவை

300 ஜி.எஸ்.எம். கோல்ட் பிரஸ் தாள் (தடிமனான, லேசாகச் சொரசொரப்பான தாள்), 10ஆம் எண் ரவுண்ட் பிரஷ், அல்ட்ராமரைன் நீலம், இரண்டு டம்ளர் தண்ணீர், டிஷ்யூ, மாஸ்கிங் டேப், ஒரு பலகை. செலவைக் குறைக்க நினைத்தால் நிறங்களில் குறையுங்கள், தாளில் வேண்டாம். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் மேடுபள்ளமாகிவிடும். பள்ளத்தில் தேங்கும் நிறம் திட்டுத்திட்டாகக் காயும். கை சரியில்லை என்று நீங்கள் மனம் விட்டுப்போவீர்கள். உண்மையில் சரியில்லாதது தாள்தான்.

2. ஒட்டுங்கள், சாய்த்து வையுங்கள்

தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகினால் போதும், அந்தச் சாய்வில் தண்ணீர் தானாக இறங்கும்.

3. நிறத்தைக் கரையுங்கள்

தேவைப்படும் என்று தோன்றுவதைப்போல இரண்டு மடங்கு கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கரைப்பதற்குள் தாள் காய்ந்து கோடு விழுந்துவிடும். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும். அதனால் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைவிட ஒரு பிடி அடர்த்தியாகவே இருக்கட்டும்.

4. வாஷ்

பிரஷை நன்றாக நனைத்து, மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இப்போது குனிந்து பாருங்கள். கோட்டின் கீழ்விளிம்பில் நிறம் பருத்து, உருண்டு, விழவா வேண்டாமா என்று நிற்கும். எல்லாமே அந்தத் திரண்ட நீர்தான். அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அப்போது அது கீழே இறங்கிப் புதுக் கோட்டின் விளிம்பில் வந்து நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷில் நிறத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். கடைசி இரண்டு இழுப்பு வெறும் தண்ணீர். அடியில் தேங்கியதை, பிழிந்த பிரஷின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

5. கையை எடுங்கள்

கஷ்டமான கட்டம் இதுதான். நடுவில் ஒரு திட்டு தெரியும், சரிசெய்யக் கை பரபரக்கும். தொடாதீர்கள். பாதி காய்ந்த வாஷில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அங்கிருக்கும் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி ஒரு வடு விழும். மினுமினுப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம். புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

நான் எத்தனை தாளை வீணாக்கியபோதும் டீச்சர் என் தாளில் ஒருமுறைகூடப் பிரஷ் வைத்ததில்லை. பக்கத்தில் தன் துண்டுத்தாளை வைத்து, அதில் செய்து காட்டுவார். "உன் தாள் உன்னோடது" என்பார். அப்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது, உதவி செய்யாமல் விடுகிறாரே என்று. என் படத்தில் இருக்கும் ஒவ்வொரு கோடும் என்னுடையது என்று இன்று சொல்ல முடிகிறதே, அது அவர் கொடுத்தது.

6. தேதி போடுங்கள்

டேப்பை உரித்ததும் பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதி எடுத்துவையுங்கள். தினம் ஒன்று, உள்ளங்கை அளவு போதும். அப்புறம் ஒரு மாதம் கழித்து வரிசையாகப் பரப்பிப் பாருங்கள்.

போன மாதம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் படத்தை வாங்கி, முதலில் பின்பக்கம் திருப்பினார். தேதியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.