கார் ஹீட்டரில் சூடு வரவில்லையா?

புதுச்சேரி வெயிலில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை; ஊட்டி மலை ஏறும்போதுதான் பழுது தெரியும். கிளம்பும் முன்பே பாருங்கள்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருந்தால் ஹீட்டர் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் தண்ணீரும் சேர்ந்த 50:50 கலவையை ஊற்றுங்கள், கசிவையும் தேடுங்கள்.

கூலன்ட் மட்டம் சரியென்றால், என்ஜினைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு, மற்றது ஜில்லென்றிருந்தால் ஹீட்டர் கோர் (உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கும், அல்லது அதற்குக் கூலன்ட் விடும் வால்வு திறந்திருக்காது. கடலோரத்து உப்பு போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கோரின் மெல்லிய குழாய்களில் உப்பு படிந்து தூர்ந்துவிடும். இரண்டு ஹோஸ்களும் வெதுவெதுப்பாக, டெம்பரேச்சர் முள்ளும் ஏறாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். இரண்டும் சுட்டும் காற்று குளிர்ந்தே வந்தால், உள்ளே பிளெண்ட் டோர் (சூடான, குளிர்ந்த காற்றைக் கலக்கும் தகடு) அசையவில்லை.