விம்: மூடித் திறந்த கோப்பிலும் அன்டூ செய்ய

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு கோப்பைத் திருத்தி, சேமித்து, மூடிவிட்டு மறுநாள் திறந்து, அன்டூ செய்யும் (செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும்) 'யு' விசையை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. நேற்று அழித்த பத்தி போனது போனதுதான். கட்டுரை ஒன்றில் பாதியை இப்படி இழந்த பிறகுதான் நான் இந்த அமைப்பைச் செய்துகொண்டேன். மூடித் திறந்த பிறகும் அன்டூ செய்யும் வசதி 2010இல் வந்த விம் 7.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நாம்தான் முடுக்கிவிட வேண்டும்.

லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்புக்காகத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: டெர்மினலில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள்.

எம்கேடிர் -பி ~/.விம்/அன்டூ (mkdir -p ~/.vim/undo)

இதைத் தவறவிடாதீர்கள். விம் தானாக இந்த ஃபோல்டரை உருவாக்காது, இல்லையென்று சொல்லவும் செய்யாது. அன்டூ வரலாறு, அதாவது நீங்கள் செய்த மாற்றங்களின் பதிவு, சேமிக்கப்படாமலே போய்விடும்.

படி 2: ஹோம் ஃபோல்டரில் உள்ள டாட் விம்ஆர்சி (.vimrc) என்ற விம்மின் அமைப்புக் கோப்பில் இந்த இரண்டு வரிகளைச் சேருங்கள்.

செட் அன்டூஃபைல்
செட் அன்டூடிர்=~/.விம்/அன்டூ

'அன்டூடிர்' என்பது அன்டூவோடு டி, ஐ, ஆர் ஒட்டிய ஒரே சொல். இரண்டாவது வரி இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்குப் பக்கத்திலும் ஒரு மறைகோப்பு முளைக்கும்.

படி 3: விம்மை மூடித் திறந்து, ஏதாவது எழுதி, சேமித்து வெளியேறுங்கள். மறுபடி திறந்து 'யு' அழுத்தினால் எழுதியது மறையும். கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் திரும்பி வரும்.

சரி, இன்னொரு தொல்லை. இன்சர்ட் நிலையில் (எழுத்துகளைத் தட்டி எழுதும் நிலை) நிறுத்தாமல் பத்து வரி எழுதிவிட்டு எஸ்கேப் அழுத்தி 'யு' தட்டினால் பத்தும் ஒரேயடியாகப் போய்விடும். விம் அதை ஒரே மாற்றமாகத்தான் எண்ணுகிறது. எழுதும்போதே ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கன்ட்ரோல்-ஜி, அப்புறம் 'யு' அழுத்துங்கள். அங்கே ஒரு வெட்டு விழும். இரண்டே நாளில் கை பழகிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது நேரத்தை வைத்துப் பின்னே போவது. ':எர்லியர் 10எம்' என்றால் கோப்பு பத்து நிமிடம் முன்பு இருந்த நிலைக்குப் போகும். ':லேட்டர் 10எம்' முன்னே கொண்டுவரும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோப்பை வேறு எடிட்டரில் மாற்றினால் உள்ளடக்கம் பொருந்தாததால் பழைய வரலாற்றை விம் ஏற்காது. அடுத்தது, நீங்கள் அழித்த கடவுச்சொல்லும் அந்த அன்டூ ஃபோல்டரில் தங்கியிருக்கும். அத்தகைய கோப்பைத் திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், ':செட்லோக்கல் நோஅன்டூஃபைல்' என்று கொடுத்துவிடுங்கள்.