விவரம் தெரிகிற வயது: இளையோர் நாவலைப் படிக்க ஒரு நோட்டும் நான்கு கட்டமும்

"கதை நல்லாதான் இருந்துச்சு. ஆனா அதுல என்ன இருக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல." பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நாவலைப் படித்துவிட்டு என் அக்கா மகள் இப்படித்தான் சொன்னாள். அதன்பிறகு இருவரும் சேர்ந்து மூன்று புத்தகங்களை மெதுவாகப் படித்தோம். படிக்கப் படிக்க ஒரு வழி பிடிபட்டது. இப்போதுதான் இந்த வகை நாவல்களுக்குள் வருகிறவர்களுக்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன். கதைகளின் முடிவு வரை பேசப்போகிறேன். முடிவு தெரியாமல் படிக்க ஆசைப்படுபவர்கள் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொண்டு, புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் பெயர். பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிற கதையை ஆங்கிலத்தில் 'கமிங் ஆஃப் ஏஜ்' என்பார்கள். அதை அப்படியே தமிழில் 'வயதுக்கு வருதல்' என்று சொன்னால் நம் காதில் வேறு ஒன்று விழும். நம் ஊரில் பெண்பிள்ளைதான் வயதுக்கு வருவாள். பையன் வளர்ந்தால் 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்'. அங்கே உடம்புக் கணக்கு, இங்கே உயரக் கணக்கு. இந்த நாவல்கள் பேசுகிற விஷயத்துக்கு நம் பேச்சில் ரொம்பக் கிட்டே வருவது 'விவரம் தெரிகிற வயது' என்பதுதான். அந்த விவரத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள், அது பிள்ளைக்கு உதவியதா என்று கேட்டுக்கொண்டே படித்தால் கதை திறந்துகொள்ளும்.

வளர்கிற கதை பழைய வகைதான். ஜெர்மனியில் கதே எழுதிய 'வில்ஹெல்ம் மைஸ்டர்' 1795-96-லேயே வந்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் திரும்பிப் பார்த்து எழுதாமல், அந்த வயதுக்காரர்களின் குரலிலேயே, அவர்கள் படிப்பதற்காகவே எழுதுவது அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் வேகமெடுத்தது. 1967-ல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளியானபோது அதை எழுதிய எஸ். இ. ஹின்டனுக்கு வயது 18. இன்று இளையோர் நாவல் என்றால் பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்படுவது. வரலாறு இவ்வளவு போதும்.

படி 1: மெலிந்த புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

ஆங்கிலத்தில் படித்துப் பழக்கமில்லாதவர்கள் ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய 'லாங் வே டவுன்' (2017) நாவலை எடுக்கலாம். முழுக்கப் புதுக்கவிதை வடிவம். சில பக்கங்களில் நாலைந்து வரிகள்தான். ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். அடுத்து எலிசபெத் அசெவேடோவின் 'தி பொயட் எக்ஸ்' (2018). இதுவும் கவிதை வடிவம்தான், ஆனால் தடிமனானது. மூன்றாவதாக ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017), இது உரைநடை. மூன்றும் அமெரிக்க நகரங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் வாழ்க்கையில் நடப்பவை. அந்த ஊர், அந்தத் தெரு, அந்தப் பயம் எல்லாம் அவர்களுடையவை. நம் வீட்டுக் கதையாக மாற்றிப் படிக்க அவசரப்படாதீர்கள். ஒட்டுகிற இடம் தானாக ஒட்டும்.

படி 2: நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். பக்கத்தை நெடுக்காக நான்காகப் பிரித்து, தலைப்பில் இப்படி எழுதுங்கள்: என்ன விதி? யார் கொடுத்தது? எந்தப் பக்கம்? கடைசியில் என்ன ஆச்சு? நான்காவது கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அதைப் பிறகு நிரப்பலாம்.

விதி என்று நான் சொல்வது தலையெழுத்தை அல்ல. 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று பிள்ளைக்குச் சொல்லப்பட்ட எல்லாமும் இதில் அடங்கும். 'லாங் வே டவுன்' இதைப் பழகுவதற்கென்றே எழுதியது போல இருக்கும். 15 வயது வில்லின் அண்ணன் ஷானைச் சுட்டுவிடுகிறார்கள். அம்மாவின் தோல் அரிப்புக்கு ஒரு சோப்பு வாங்கப் போன இடத்தில். வில் வளர்ந்த தெருவில் மூன்று விதிகள் உண்டு: அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்க வேண்டும். மூன்றையும் நாவல் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. உங்கள் நோட்டில் முதல் மூன்று வரிகள் இதோ வந்துவிட்டன.

படி 3: வாய்விட்டுச் சொல்லாத விதிகளையும் எழுதுங்கள்

இது கொஞ்சம் கஷ்டம். 'தி ஹேட் யூ கிவ்' கதையைச் சொல்கிற 16 வயது ஸ்டார் கார்ட்டர் இருப்பது கறுப்பினத்தவர் வாழும் கார்டன் ஹைட்ஸ் பகுதியில். படிப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த வில்லியம்சன் பள்ளியில். பள்ளி வாசலைத் தாண்டியதும் பேச்சை மாற்றிக்கொள்கிறாள். தெருவில் பேசுகிற சொற்கள் வாயில் வரக்கூடாது, கோபம் முகத்தில் தெரியக்கூடாது. பள்ளியில் இருக்கிற ஸ்டார் வேறு, வீட்டில் இருக்கிற ஸ்டார் வேறு.

இந்த விதியை யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அவளே கட்டிக்கொண்டது. 'யார் கொடுத்தது?' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் முட்டிக்கொண்டோம். 'ஸ்டார்' என்று எழுதினால் அவள் மேல் பழி போடுவது போல இருக்கிறது. 'பள்ளிக்கூடம்' என்று எழுதினால் பள்ளி எதையும் சொல்லவில்லையே. கடைசியில் அக்கா மகள் 'பார்வை' என்று எழுதினாள். மற்றவர்கள் பார்க்கிற பார்வைதான் கொடுத்தது என்றாள். அதைவிடச் சரியான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

படி 4: விதி விரிசல் விடுகிற இடத்தில் நில்லுங்கள்

எழுதி வைத்த விதிகளில் ஏதோ ஒன்று ஓரிடத்தில் பலிக்காமல் போகும். அந்த இடம் வந்ததும் வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு தடவை படியுங்கள்.

ஸ்டாருக்கு 12 வயதானபோது அப்பா மேவரிக் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விஷயம் ஒன்று உண்டு. போலீஸ்காரர் நிறுத்தினால் கைகள் இரண்டும் தெரியும்படி வைத்துக்கொள், சட்டென்று அசையாதே, கேட்டால் மட்டும் பேசு. நாலு வருடம் கழித்து ஓர் இரவு, அவளும் சிறுவயதுத் தோழன் கலீலும் போகிற காரைப் போலீஸ்காரர் ஒருவர் மறிக்கிறார். ஸ்டார் அப்பா சொன்னபடியே கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கலீல் எதற்காக நிறுத்தினீர்கள் என்று கேட்கிறான். அவனை வெளியே இறக்கிச் சோதித்துவிட்டு, அங்கேயே நில் என்று சொல்லி அதிகாரி தன் வண்டிக்குப் போகிறார். கலீல் காரின் கதவைத் திறந்து உள்ளே குனிகிறான். பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற தோழியிடம், உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்பதற்காக. மூன்று குண்டுகள். காரில் இருந்த தலைசீவும் பிரஷைத் துப்பாக்கி என்று நினைத்ததாகப் பிறகு சொல்லப்படுகிறது.

அவன் விதியை மீறியது எதனால் என்று பாருங்கள். அக்கறையால். ஸ்டார் விதியைக் கடைப்பிடித்தாள், உயிரோடு இருக்கிறாள். ஆனால் கண்ணெதிரே தோழனைப் பறிகொடுத்துவிட்டாள். அப்பா சொன்னது தப்பா? இல்லை. போதுமானதா? அதுவும் இல்லை. அப்பா பொய் சொல்லவில்லை, ஆனால் அப்பா சொன்னதால் மட்டும் உலகம் சரியாக நடந்துகொள்ளாது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவருகிற கணம் இது. 'விவரம் தெரிவது' என்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவே ஒருநாள் ஆனது.

படி 5: விதியின் பின்னால் நடந்து போங்கள்

விதியைக் கொடுத்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெற்றோரை வில்லனாக நினைத்துப் படிக்கிற பழக்கம் இங்கேதான் விடுபடும்.

பழிவாங்கக் கிளம்பிய வில், அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறான். நாவலில் நடக்கிற நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்க, செத்துப்போன ஒருவர் ஏறுகிறார். எல்லோரும் துப்பாக்கியால் செத்தவர்கள். பெரியப்பா ஏறுகிறார், அவருக்குப் பிறகு அப்பா. தன் அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கப் போன அப்பா, ஆள் மாறி வேறொருவனைச் சுட்டுவிட்டிருக்கிறார். வில்லுக்கு அதுவரை இது தெரியாது. மூன்றாவது விதியைக் கைமாற்றிவிட்டவரே அதில் தவறிப்போனவர். உங்கள் இரண்டாவது கட்டத்தில் 'தெரு' என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு 'அப்பா, அவருக்கும் முன்னால் இருந்தவர்கள்' என்று எழுதவேண்டி வரும். தயங்காமல் அடித்து எழுதுங்கள். நோட்டு அசிங்கமானால் நன்றாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மேவரிக்கையும் இப்படிப் பாருங்கள். கையை அசைக்காதே என்று சொன்ன அதே அப்பா, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் பத்து அம்சத் திட்டத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்தவர். அடங்கி இரு என்பதும், உன் உரிமை எது என்று தெரிந்துகொள் என்பதும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. நம் வீடுகளிலும் பெரியவர்கள் இப்படி இரண்டையும் சொல்வதுண்டு.

படி 6: சொன்னதையும் விழுங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இந்தப் படிக்கு 'தி பொயட் எக்ஸ்' போதும். ஹார்லமில் இருக்கிற 15 வயது ஸியோமாரா, டொமினிக்கன் குடும்பத்துப் பெண், கத்தோலிக்க பக்தி நிறைந்த அம்மா. ஆங்கில ஆசிரியை கட்டுரை எழுதச் சொல்கிறார்: உன் வாழ்க்கையில் உன்னை மிகவும் பாதித்த நாள் எது? நாவலில் அவள் எழுதிய வரைவும் இருக்கிறது, உண்மையில் கொடுத்த கட்டுரையும் இருக்கிறது. கொடுத்தது தன் இரட்டைச் சகோதரன் பிறந்தநாளுக்கு வாங்கித்தந்த நோட்டைப் பற்றி. வரைவு? தனக்கு முதல் மாதவிலக்கு வந்த நாள். விவரம் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லாத நேரம், அவளே கடையில் டாம்பன் (உடம்புக்குள் வைக்கிற பஞ்சு) வாங்கிவந்து பயன்படுத்துகிறாள். வேலையிலிருந்து வந்த அம்மா, நல்ல பெண்கள் இதை வைப்பதில்லை என்று அறைகிறாள்.

மேலே 'வயதுக்கு வருதல்' வேறு, இந்த நாவல்கள் பேசுவது வேறு என்று நானே எழுதினேன். இந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உடம்பு மாறிய அன்றே அவளுக்கு ஒரு விதி கொடுக்கப்பட்டுவிட்டது. அதுவும் அறையோடு சேர்த்து. தனியாக ஒதுங்கி உட்காரச் சொன்ன திண்ணையையும், இனிமேல் அங்கே போகாதே இங்கே நிற்காதே என்ற பேச்சையும் நினைவில் வைத்திருக்கிற பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வரைவை யாரும் விளக்கவேண்டியதில்லை.

செய்யவேண்டியது இதுதான். வரைவையும் கட்டுரையையும் அடுத்தடுத்து படியுங்கள். எது விடுபட்டது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். மற்ற நாவல்களில் இப்படித் தனியாக வரைவு கிடைக்காது. அங்கே கதாபாத்திரம் மனதில் நினைப்பதையும் வாயால் சொல்வதையும் ஒப்பிடலாம். ஸ்டார் வில்லியம்சனில் இருக்கும் காட்சிகளில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரியும்.

படி 7: காலியாக விட்ட கட்டத்தை நிரப்புங்கள்

புத்தகம் முடிந்ததும் முதல் வரியிலிருந்து வாருங்கள். விதி உடைந்ததா, அப்படியே இருக்கிறதா, பிள்ளை அதைத் திருத்தி எழுதிக்கொண்டதா? மூன்றில் ஒன்று பொருந்தும். சில இடங்களில் எதுவும் பொருந்தாது. அப்போது கேள்விக்குறி போட்டு விடுங்கள்.

ஸ்டாருடைய வரி எனக்கு மிகவும் பிடித்தது. கலீலைச் சுட்ட அதிகாரி மேல் வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று முடிவாகிறது. தெருவில் கலவரம். ஒலிபெருக்கி அவள் கைக்கு வருகிறது. எல்லோர் முன்னாலும் பேசுகிறாள். கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வந்து விழ, அதை எடுத்துத் திரும்ப வீசுகிறாள். அசைக்காமல் வைத்திருக்கச் சொன்ன அதே கைகள். அக்கா மகள் நான்காவது கட்டத்தில் 'கை அசைந்தது' என்று மட்டும் எழுதினாள்.

ஸியோமாரா கவிதை எழுதிவந்த நோட்டை அம்மா எரிக்கிறாள். தீ எரியும்போது அம்மா ஜெபம் சொல்ல, மகள் மனப்பாடமாக இருக்கிற தன் கவிதைகளைச் சொல்கிறாள். பிறகு அவள் மேடையில் கவிதை சொல்லும்போது அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இங்கே விதி உடைந்தது என்று எழுத முடியவில்லை. அம்மாவும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள்.

தொடக்கத்தில் பலர் செய்கிற தவறு இரண்டு. ஒன்று, காதல் வந்தால் வளர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது. இந்த நாவல்களில் காதல் உண்டு, ஆனால் பெரும்பாலும் அது ஒரு விதியைச் சோதிக்க வருகிற ஆள்தான். இன்னொன்று, நீதி தேடுவது. பாடப்புத்தகப் பழக்கம் அது. 'இதிலிருந்து நாம் அறிவது' என்று நோட்டில் எழுதத் தோன்றினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வில்லின் வரியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கிறது. செத்தவர்கள் எல்லோரும் வெளியே போகிறார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்து, வருகிறாயா என்று கேட்கிறான். நாவல் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த பக்கம் இல்லை. வில் என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு சீட்டில் எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, கடைசிப் பக்கத்தில் செருகி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துப் புத்தகத்தைத் திரும்பவும் படித்துவிட்டு, பழைய சீட்டைப் பார்க்காமல் இன்னொரு சீட்டு எழுதுங்கள். அப்புறம் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.