பதினாறு முடிந்த பிறகு துக்க வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எப்படி?

சாவு வீட்டில் முதல் பதினாறு நாளை ஊரும் உறவும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. சமைக்க ஆள், தகவல் சொல்ல ஆள், அழுகிறவரை மடியில் சாய்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாம் இருக்கும். காரியம் முடிந்து பந்தலும் வாடகை நாற்காலிகளும் திரும்பிப் போன பிறகுதான் வீட்டார் தனித்து விடப்படுகிறார்கள். மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வருகிறார்கள். வந்ததும் இறந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. "தம்பிக்கு வருத்தமே இல்ல மேடம்", "அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல" என்றுதான் பேச்சு தொடங்கும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, அடுத்தவர் துக்கத்தை உங்கள் துக்கத்தோடு வைத்து அளப்பதை நிறுத்துவது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் போனவரை நினைத்து உருகுவார், இன்னொரு நேரம் வங்கி, வேலை, பிள்ளைகள் படிப்பு என்று ஓடுவார். இப்படி மாறி மாறிப் போய் வருவதுதான் இயல்பு. ஒரே வீட்டில் அம்மா உருகுகிற நேரத்தில் மகன் ஓடிக்கொண்டிருப்பான். அப்போது அவன் கல்நெஞ்சனாகத் தெரிவான். "நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?" என்று பலர் கேட்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் சொன்ன ஐந்து கட்டங்கள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு), சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் அவர் பேசியதிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டில் யாரையும் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு குடும்பத்தை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே மகன் கடையைத் திறந்தான். அக்காவுக்கு அது ஆறவே இல்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். இருவரையும் உட்கார வைத்து, "காலையில கடையைத் திறந்ததும் முதல்ல என்ன செய்வீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டேன். பாதி ஷட்டரை இறக்கியே வைத்துக்கொண்டு, அப்பாவின் நோட்டில் அப்பாவின் பேனாவாலேயே முந்தின நாள் கணக்கை எழுதுவதாகச் சொன்னான். எழுதி முடித்து, முகம் கழுவிய பிறகுதான் முழு ஷட்டரையும் தூக்குவானாம். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல அப்பா பிள்ளையார் சுழிக்குக் கீழ ஒரு புள்ளி வைப்பாரே, அதையும் வைக்கிறியாடா?" என்றாள். வைத்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்தக் கேள்வியை நீங்களும் வீட்டில் கேட்கலாம். "அழுதியா?", "மறந்துட்டியா?" என்று கேட்டால் பதில் வராது. "எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கும் நேரம், மாத்திரை கொடுக்கும் நேரம் என்று பதில் வரும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், பேசக்கூட வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து போன் போடலாம்.

கணவரை இழந்த அம்மாவின் விஷயத்தில் எதையும் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் அப்பாவின் சட்டைகளை மூட்டை கட்டி அனுப்புவது பெரிய காயம். பூ, பொட்டு, எந்தப் புடவை என்பதையும் அத்தைகளும் பெரியம்மாக்களும் முடிவு செய்ய விடாதீர்கள். கூட்டம் இல்லாதபோது, "உங்களுக்கு எப்படி இருக்கணும்னு தோணுதும்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதற்காக உறவுகளின் எதிரில் நிற்க வேண்டியது பிள்ளைகள்தான்.

சொத்துப் பேச்சு குடும்பங்களை உடைப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். காகித வேலையையும் பாகப் பிரிவினையையும் தனித்தனியாக வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், வங்கி வேலைகளைக் காலத்தோடு தொடங்கலாம். பங்கு பேசுவதைச் சில மாதம் தள்ளிப் போடுங்கள். காரிய வீட்டிலேயே பெண் பிள்ளைகளிடம், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். இது எனக்கு மிகுந்த கோபத்தைத் தரும் விஷயம். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. தங்கை வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், அழுகை ஓய்ந்து, தெளிவாக யோசித்துச் சொல்லட்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் "தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும், சில வாசலில் காத்திருக்கும். "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு, இனி அவருக்கு வலிக்காது, திரும்பி வரவும் மாட்டார். உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று சொல்லுங்கள். அதே கேள்வியைப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

முதல் வருஷம் தீபாவளி இல்லை என்பது பல வீடுகளில் வழக்கம். கொண்டாடாவிட்டாலும் அந்த நாளை வெறுமனே விடாதீர்கள். அவருக்குப் பிடித்த குழம்பை யார் வைப்பது, யார் வீட்டில் கூடுவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். திதி, அமாவாசை கும்பிடும் வீடுகளில் படையல் முடிந்ததும் ஆளுக்கொரு கதை சொல்லட்டும். அவருடைய கோபத்தைப் பற்றியும் பேசலாம், தவறில்லை.

எப்போது உதவி தேட வேண்டும்? ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வேலையே நின்றுபோனால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் இது இடம்பெற்றிருக்கிறது, சிகிச்சையும் உண்டு. "நானும் அவரோடயே போயிடறேன்" என்று யாராவது சொன்னால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416க்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால், என்ன செய்வது என்று நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.