மொபைல் வலையமைப்புப் பெயரிடல் வரைவை மதிப்பாய்வு செய்வது எப்படி?

5ஜி மைய வலையமைப்பில் ஏஎம்எஃப் (சாதன இணைப்பையும் நகர்வையும் கவனிப்பது), எஸ்எம்எஃப் (தரவு அமர்வுகளைக் கவனிப்பது), என்ஆர்எஃப் (செயற்கூறுகளின் பதிவேடு) எனப் பல செயற்கூறுகள் தனித்தனி மென்பொருள்களாக இயங்குகின்றன. ஒன்று மற்றொன்றைக் கண்டறியப் பெயர் வேண்டும். அந்தப் பெயர் எப்படி அமைய வேண்டும் என்று கூறும் வரைவுத் தரநிலை ஒன்று கையில் கிடைத்தால், புதியவர்கள் தயங்கி ஒதுங்க வேண்டியதில்லை. ஒரே பெயர் இரண்டு பொருள்களைச் சுட்ட இடமிருக்கிறதா, ஒரே விதியை இரண்டு நிரலாளர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை விடாமல் கேட்பவர் எவரும் பயனுள்ள மதிப்பாய்வைத் தர முடியும்.

படி 1: ஏற்கெனவே இருப்பதைப் படியுங்கள்

மொபைல் வலையமைப்புத் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டிஎஸ் 23.003 ஆவணம் இத்துறையின் எண்களையும் டொமைன் பெயர்களையும் வரையறுக்கிறது. ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 2008-இல் வெளியான ஆர்எஃப்சி 5279, 3ஜிபிபிக்கென ஒரு யுஆர்என் (நிலையான இணையப் பெயர்) பெயர்வெளியைப் பதிவு செய்தது. புதிய வரைவு இவற்றைக் குறிப்பிடவே இல்லையென்றால், இருக்கும் முறை ஏன் போதவில்லை என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

படி 2: கட்டாயச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (பரிந்துரை), மே (விருப்பம்) ஆகிய ஆங்கிலச் சொற்களின் பொருளை ஆர்எஃப்சி 2119 வரையறுக்கிறது. MUST என்பதுபோல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. ஷுட் என்று எழுதிவிட்டு, எந்தச் சூழலில் விலகலாம் என்று சொல்லாத இடங்களைச் சுட்டிக்காட்டுங்கள்.

படி 3: இலக்கணத்தை வரிவரியாகச் சோதியுங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம் என்பது என் கருத்து. பெயரின் வடிவம் பெரும்பாலும் ஏபிஎன்எஃப் என்ற இலக்கண விதிக் குறியீட்டில் தரப்பட்டிருக்கும். அதில் மேற்கோள் குறிக்குள் சிறிய எழுத்தில் எழுதிய சொல், பெரிய எழுத்தில் வந்தாலும் பொருந்தும் என்பது ஆர்எஃப்சி 5234-இன் விதி. டொமைன் பெயர்களைக் கையாளும் டிஎன்எஸ் முறை, எழுத்து பெரியதா சிறியதா என்பதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் அங்கே சிக்கல் எழாது. ஆனால் அதே பெயரை ஒரு நிரல் வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டால், இலக்கணப்படி சரியான இரண்டு வடிவங்கள் வெவ்வேறு பெயர்களாகிவிடும். ஒப்பிடும் முறையை வரைவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, எண்கள். டொமைன் பெயரில் எம்என்சி எனப்படும் வலையமைப்பு எண் எப்போதும் மூன்று இலக்கமாக வரும். இரண்டு இலக்க எண்ணின் இடப்பக்கம் ஒரு சுழியம் சேர்க்கப்படும். ஆகவே 03 என்ற எண் "எம்என்சி003" ஆகிறது. அந்தப் பெயரை மட்டும் பார்ப்பவரால் மூல எண் 03-ஆ, 003-ஆ என்று சொல்ல முடியாது. இந்தியாவுக்குரிய 405 என்ற மொபைல் நாட்டு எண்ணின் (எம்சிசி) கீழ் இரண்டு இலக்க எண்களும் மூன்று இலக்க எண்களும் வழங்கப்பட்டிருப்பதால், எல்லா எண்களுக்கும் ஒரே நீளம் என்று அனுமானிக்கும் வரைவு இங்கே தடுமாறும். பெயரிலிருந்து எண்ணைத் திரும்பப் பெறும் வழி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நீளத்தையும் மறக்க வேண்டாம்: டிஎன்எஸ் பெயரில் புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 பைட்டுகளுக்கு மிகக்கூடாது.

படி 4: எடுத்துக்காட்டுகளைக் கையால் பிரித்துப் பாருங்கள்

விளக்கத்தைப் படிக்காமல் எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுப்பவர்கள் பலர். ஆகவே ஒவ்வொன்றும் இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்த வேண்டும். இயங்கும் நிறுவனத்தின் எண்ணைப் பயன்படுத்தியிருந்தால், சோதனைக்கென ஒதுக்கப்பட்ட 001 என்ற நாட்டு எண்ணுக்கு மாற்றக் கோருங்கள்.

படி 5: பெயர் எதைக் காட்டிக்கொடுக்கிறது?

செயற்கூற்றின் பெயரில் ஊர், தரவு மையம், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைச் சேர்ப்பது நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் அப்பெயர் மற்றொரு நிறுவனத்தின் வலையமைப்புக்குச் செல்லும்போது உள்கட்டமைப்பும் உடன் வெளியாகிறது. பாதுகாப்புப் பிரிவு இதைப் பேசாமல் விட்டிருந்தால் அதை முக்கியக் குறையாகவே எழுதுங்கள்.

படி 6: கருத்தை எழுதுங்கள்

வரைவின் பதிப்பு எண், பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், அதனால் எழும் சிக்கல், நீங்கள் முன்மொழியும் மாற்று வாசகம் என்ற வரிசையில் எழுதினால் ஆசிரியர்கள் உடனே செயல்பட முடியும். எழுத்துப்பிழைகளைத் தனியே கடைசியில் தொகுத்துக் கொடுங்கள். ஆர்எஃப்சி ஆவதற்கு முந்தைய நிலையான இணைய வரைவு ஒன்றின் ஆயுள் ஆறு மாதங்களே என்பதாலும், அதற்குள் புதிய பதிப்பு வந்துவிடக்கூடும் என்பதாலும், அனுப்பும் முன் நீங்கள் படித்தது அண்மைப் பதிப்புதானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.