மளிகைப் பட்டியலை ரேஷன் கடையிலிருந்து தொடங்குங்கள்

சம்பளம் வந்ததும் நேராக மளிகைக் கடைக்குப் போவதில்தான் கணக்கு உதைக்கிறது. முதலில் ரேஷன் கடைக்குப் போங்கள். தமிழகத்தில் அரிசி அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியே அந்தப் பருப்பு நூறு ரூபாயைத் தாண்டி விற்கிறது. வாங்கி வந்த பிறகு, அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்து மீதிப் பட்டியலை எழுதுங்கள். கடுகும் வெந்தயமும் பெரும்பாலும் பாதி டப்பா மிச்சமிருக்கும்.

பாக்கெட்டின் மொத்த விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில், ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான். எண்ணெய்க்கு இது மிகவும் அவசியம். சில பாக்கெட்டுகள் பார்வைக்கு லிட்டர் போலவே இருக்கும். உள்ளே 800 அல்லது 850 மில்லிதான்.

பால், காய்கறிப் பணத்தை மளிகையோடு சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள். மாதக் கடைசியில் கையைக் கடிப்பது பெரும்பாலும் காய்கறிதான், அதிலும் தக்காளி. அதன் விலை ஏறும் வாரத்தில் ரசத்துக்கும் குழம்புக்கும் புளியே போதும்.