கொல்லைக் கதவை உப்புக்காற்று தின்பதற்குள்

எங்கள் வீடு கீழக்கரையில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. பெண்பிள்ளைக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுப்பது இங்கே வழக்கம். அப்படி எனக்கு வந்த வீடு இது. கதவுகளும் என் பொறுப்புதான். வீட்டுக்காரர் துபாயில். நானும் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம்.

மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பினால், கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. பித்தளைப் பூட்டு பூட்டினபடியே நாதாங்கியோடு தரையில் கிடந்தது. கேஸ் சிலிண்டரும் உம்மாவின் இரண்டு செம்புப் பானைகளும் போய்விட்டன. கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரி, கீழே கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். முக்கால் அங்குல ஆணி, நடுவில் ஈர்க்குச்சி மாதிரி இளைத்திருந்தது.

“பூட்டுல குறையில்ல தங்கச்சி. ஆணிய உப்பு தின்னுருச்சு.”

அதனால் புதுப் பூட்டு வாங்குவதற்கு முன்னால், இருக்கிற கதவில் ஒவ்வொரு கீலிலிருந்தும் நாதாங்கியிலிருந்தும் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். வெளியே தலை பளபளவென்று இருக்கும், உள்ளே துருவேறியிருக்கும். தலைக்குக் கீழே பழுப்புக் கறை வழிந்திருந்தால் கழற்றிப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிறகு நிலையின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை, ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். மாவு மாதிரி உள்ளே இறங்கினால் கரையான் அல்லது ஈரம். அங்கே எந்தப் பூட்டு போட்டும் பயனில்லை, நிலையை முதலில் சரிசெய்ய வேண்டும்.

திருகாணி வாங்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள். முலாம் பூசிய இரும்பையும் ஸ்டீல் என்று கொடுத்துவிடுவார்கள். அது காந்தத்தில் பச்சென்று ஒட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் கேளுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். 304 ரகம் கடற்கரையில் சீக்கிரமே தேநீர் நிறத்தில் கறை கட்டும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருப்பிடித்துப் பலமிழந்து, 2022 டிசம்பரில் அதில் ரயிலையே நிறுத்தினார்கள். நம் வீட்டு ஆணி எம்மாத்திரம்? இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் ஆணியை இரும்புக் கீலில் போடாதீர்கள். இரண்டும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். கீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

நிலையில் ஏறும் ஆணி இரண்டரை அங்குலமாவது இருக்கட்டும். மரம் பிளக்காமல் இருக்க முதலில் சிறு துளை போட வேண்டும். நாதாங்கிக்குத் திருகாணியே வேண்டாம். கதவு முழுக்கத் துளைத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள்: உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே, நட்டுக்கு அடியில் ஒரு தகடு. வெளியிலிருந்து நெம்புகிறவன் அந்தத் தகட்டோடு சேர்த்து மரத்தையே பிய்க்க வேண்டியிருக்கும். நிலை ஆடினால், நிலையைத் துளைத்துச் சுவருக்குள் ஆங்கர் போல்ட் இறக்கலாம். எங்கள் வீட்டில் பக்கத்துக்கு மூன்று போட்டார்.

மழைக்காலத்தில் கதவு ஊதி இறுகினால் உடனே இழைக்கச் சொல்லிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கடப்பாரை நுனி நுழைகிற அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. தை பிறக்கும்வரை பொறுத்து, காய்ந்த பிறகும் இடித்தால் மட்டும் இழைக்கலாம். கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். கண்ணில் படாத இடமென்று விட்டுவிடுவார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடவே வேண்டாம், மணலை இழுத்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும். வெளியூர் போகும்போது தொங்கும் பூட்டு, ஆளில்லை என்று தெருவுக்கே சொல்கிறது. முன்கதவுக்கு உள்ளே பதிக்கிற பூட்டு போட்டால் அந்தத் தொல்லை இல்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் ஊருக்குப் போகும் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரவுக்குக் கொல்லைக் கதவின் உள்பக்கம் குறுக்குக்கட்டை போட்டிருக்கிறோம். முதலில் ஆசாரி கொண்டுவந்தது கனமான தேக்கு.

“அண்ணே, நான் இல்லாதப்ப தீ கீ பிடிச்சா உம்மாவால இதத் தூக்க முடியாதே” என்றேன்.

உம்மாவையே கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். முடியவில்லை. அதை எடுத்துப் போய் மெல்லிய கட்டையாக அறுத்துக்கொண்டு வந்தார். இப்போது உம்மா ஒற்றைக் கையால் எடுத்துவிடுகிறார். வீட்டில் ஆள் இருக்கும்போது உள்ளே பூட்டு போட்டுச் சாவியை ஒளித்து வைக்கிற பழக்கத்தையும் அன்றோடு விட்டோம்.

மொட்டைமாடி இரும்புக் கதவு இன்னும் பாக்கி. அடித்தகடு துருவேறி விரல் நுழைகிறது. மழை விட்டதும் வருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். அதுவரை மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கதவையும் ராத்திரி தாழ்போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.